சாம்பலில் போட்ட பாத்தி

மலைநாட்டில் சமமான நிலத்துக்கு என்றுமே பஞ்சம்தான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஐடஹோ எல்லையை ஒட்டி ஹாகன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. செயின்ட் ரீஜிஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு, இருபுறமும் செங்குத்தாக ஏறும் பிட்டர்ரூட் மலைகள். 1907இல் அங்கே எலர்ஸ் கோக் என்ற இளம் வன அதிகாரியின் கண்ணில் ஒரு பழைய தோட்டம் பட்டது. ஜெர்மனியிலிருந்து வந்து காடு திருத்திக் குடியிருந்த சாவெனாக் என்பவர் கைவிட்டுப் போன நிலம் அது. தரை சமமாக இருந்தது. பக்கத்தில் ஓடை ஓடியது. ரயில் பாதையும் தொலைவில் இல்லை. நாற்றங்கால் போட இதைவிட நல்ல இடம் அந்த மலைகளில் கிடைக்காது என்று கோக் முடிவு செய்தார். சாவெனாக் நாற்றுப்பண்ணை அப்படித்தான் தொடங்கியது.

கோக் அந்த மண்ணின் பிள்ளை. 1880இல் மொன்டானாவின் போஸ்மன் ஊரில் பிறந்து, ஏல் பல்கலைக்கழகத்தின் வனவியல் பள்ளியில் 1903இல் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அந்தப் பள்ளிக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1900இல் அதை நிறுவப் பணம் கொடுத்தது கிஃபர்ட் பின்ஷோவின் குடும்பம். 1905இல் உருவான அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் இந்தப் பின்ஷோதான். அவர் இளைஞராக ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனபோது அவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிக் பிராண்டிஸ். பர்மாவிலும் இந்தியாவிலும் வனத்துறையைக் கட்டியெழுப்பி, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட அதே பிராண்டிஸ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில், நிலம்பூரில், 1840களிலேயே தேக்கு நட்டு வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். வெட்டுகிற அரசாங்கமே விதை சேர்த்து, நாற்றுவிட்டு, நடவும் வேண்டும் என்ற எண்ணம் இப்படிப் பல கைகள் மாறித்தான் மொன்டானாவின் அந்த ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தது.

பைன் நாற்று நெல் நாற்றைப் போல மூன்று வாரத்தில் பறிக்கக் கூடியதல்ல. முதல் ஆண்டு முடியும்போதுகூட அது ஒரு விரல் உயரம்தான் இருக்கும். உச்சியில் விரித்த குடைக்கம்பிகள் போலப் பச்சை ஊசிகள். மலைச்சரிவில் நட்டால் பிழைக்கும் என்று நம்ப, இரண்டு மூன்று ஆண்டுகள் பாத்தியிலேயே வைத்துக் காக்க வேண்டும். சாவெனாக்கில் நிலத்தைத் திருத்தி, பாத்தி கட்டி, விதை போட்டு, முதல் நாற்றுகள் தலைகாட்டிய காலத்தில் 1910 பிறந்தது.

அந்த ஆண்டு வசந்தத்திலேயே மழை பொய்த்துவிட்டது. மலைச்சரிவுகளில் உதிர்ந்த ஊசியிலைகள் கோடைக்கு முன்பே சருகாகிவிட்டன. புதிதாகப் போட்ட ரயில் பாதையில் என்ஜின்கள் கக்கிய பொறி ஒருபுறம், ஜூலைக் கடைசியில் மழையில்லாமல் வந்த இடி மின்னல் மறுபுறம். ஆகஸ்டில் அந்த மலைத்தொடர் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தீக்கள் புகைந்துகொண்டிருந்தன. வனத்துறைக்கு அப்போது வயது ஐந்து. ஆளும் போதவில்லை, பணமும் போதவில்லை. சுரங்கங்களிலிருந்தும் ரயில் பாதை வேலையிலிருந்தும் ஊர் ஊராகக் கூலியாட்களைத் திரட்டினார்கள். குடியரசுத் தலைவர் டாஃப்ட் சுமார் 4,000 படைவீரர்களை அனுப்பினார். கருப்பினத்தவரைக் கொண்ட 25ஆவது காலாட்படைப் பிரிவின் வீரர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 20, சனிக்கிழமை. மேற்கிலிருந்து சூறைக்காற்று அடித்தது. தனித்தனியாகப் புகைந்துகொண்டிருந்த தீக்கள் ஒன்றாகச் சேர்ந்து மலைமுகடுகளைத் தாண்டின. இரண்டே நாட்களில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் எரிந்துபோனது. குறைந்தது 85 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கையில் மண்வெட்டியோடு தீயை எதிர்க்கப் போனவர்கள். ஐடஹோவின் வாலஸ் நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மொன்டானா பக்கத்தில் டாஃப்ட், டிபோர்ஜியா, ஹாகன் ஆகிய ஊர்கள் தீக்கு இரையாயின. ரயிலில் ஏறி மலைக்குடைவுகளுக்குள் பதுங்கியவர்கள் உயிர் தப்பினார்கள்.

சாவெனாக் நாற்றுப்பண்ணை தப்பவில்லை. எரிந்த காட்டுக்குக் கன்று தரவேண்டிய இடம், காட்டோடு சேர்ந்து சாம்பலாகிவிட்டது.

1910 தீயைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எட் புலாஸ்கியின் கதையைச் சொல்வார்கள். சொல்ல வேண்டிய கதைதான். வாலஸ் அருகே தன்னிடம் இருந்த சுமார் 45 பேரை அவர் ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று, வாயிலில் ஈரப் போர்வைகளைத் தொங்கவிட்டு, வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்து நிறுத்தினார். ஐந்தாறு பேர் தவிர மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். அவருடைய கண்ணும் நுரையீரலும் கெட்டுப்போயின. ஒருபுறம் கோடரியும் மறுபுறம் களைக்கொத்தும் கொண்ட அவருடைய கருவி இன்றும் உலகெங்கும் காட்டுத்தீ வீரர்களின் கையில் இருக்கிறது. அதன் பெயரே புலாஸ்கிதான். அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. வாலஸ் வன அலுவலகத்தில் இப்படிப்பட்ட கூட்டுக் கருவியை முதலில் செய்து பார்த்தது மரக்கன்று நடுவதற்காக என்று வனத்துறையின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நடவுக்கு அது சரிப்படவில்லை. தீக்குச் சரிப்பட்டது, நிலைத்துவிட்டது.

பணமும் பேரும் எந்தப் பக்கம் போயின என்பதை அந்தக் கருவியே காட்டிவிடுகிறது. தீக்குப் பிறகு நாடே வனத்துறையின் பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டே, 1911இல், வீக்ஸ் சட்டம் நிறைவேறியது; கிழக்கு மாநிலங்களில் காட்டு நிலம் வாங்கவும், தீத்தடுப்பில் மாநிலங்களோடு கைகோக்கவும் அது வழி செய்தது. காவல் கோபுரங்கள், தொலைபேசிக் கம்பிகள், மலைப்பாதைகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே அடுத்த தீயை எண்ணிச் செய்தவை. நடந்து முடிந்த தீயின் கணக்கை யார் தீர்ப்பது? கருகிய சரிவுகளை மறுபடி பசுமையாக்க ஒரே வழி கன்று. கன்று வேண்டுமென்றால் முதலில் நாற்றங்கால் எழ வேண்டும்.

அதே இடத்திலேயே எழுப்பினார்கள். எரிந்த கட்டைகளை அகற்றி, சாம்பல் படிந்த நிலத்தை மறுபடி கொத்தி, ஓடைத் தண்ணீரைப் பாத்திகளுக்குத் திருப்பினார்கள். சாவெனாக்கின் வரலாற்றில் இந்தக் கட்டம்தான் மிகப் பெரியது என்று தோன்றுகிறது. மூன்று ஆண்டு உழைப்பு கண்முன் எரிந்துபோன பிறகு, இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு எந்தப் பலனும் தராத ஒரு வேலைக்கு அரசாங்கம் மறுபடி கூலி கொடுக்க ஒப்புக்கொண்டது. எரிந்த ஊருக்குக் கூரை போட்டால் ஒரே மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். நாற்றங்காலுக்குக் கொடுத்த பணம் பல வருடங்களுக்கு மண்ணுக்குள்தான் இருக்கும்.

இடையில் குறுக்கு வழி தேடாமலும் இல்லை. நாற்று வளரும்வரை காத்திருப்பானேன், விதையையே நேராகச் சரிவில் ஊன்றிவிடலாமே என்று எரிந்த மலைகளில் முயன்று பார்த்தார்கள். ஊன்றிய விதையை எலிகளும் அணில்களும் தோண்டித் தின்றன. தப்பி முளைத்ததைக் கோடை வெயில் காய்ச்சியது. கடைசியில் பாத்தியிடம்தான் திரும்பி வர வேண்டியிருந்தது.

அணிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலையுதிர்காலத்தில் அந்த மலைகளின் செவ்வணில்கள் பைன் கூம்புகளைக் கடித்து வீழ்த்தி, மரத்தடி ஈரத்தில் குவித்துப் பதுக்கும். குளிர்காலத்துக்கான சேமிப்பு அது. வனக்காவலர்கள் விதை தேடி மரம் மரமாக ஏறுவதைவிட, அணில் பதுக்கிய குவியலைத் தேடிப் பிடித்துச் சாக்கில் அள்ளுவது எளிது என்று கண்டுகொண்டார்கள். அணில் காலிக் கூம்பைச் சேர்ப்பதில்லை. அதன் குவியலில் கிடைப்பது பெரும்பாலும் விதை நிறைந்த கூம்புதான்.

சாக்கில் வந்த கூம்புகளை வெப்பமான அறையில் பரப்பினால் செதில் செதிலாக விரிந்து விதையை உதிர்க்கும். விதையின் இறக்கையைத் தேய்த்து நீக்கி, தூற்றி, பதரைப் பிரிப்பார்கள். வெள்ளைப் பைன் விதை எளிதில் முளைக்காது. ஒரு குளிர்காலம் முழுவதும் ஈரத்திலும் குளிரிலும் கிடந்தால்தான் விழித்துக்கொள்ளும். முளைத்த பிறகும் நாற்றழுகல் நோய் காத்திருக்கும். நேற்றுவரை நிமிர்ந்து நின்ற முளை, காலையில் தரையோடு ஒடிந்து சாய்ந்திருக்கும். வெயில் காயாமல் இருக்கப் பாத்திக்கு மேலே மரச்சட்டங்களை வேலிபோல் இழைத்து நிழல் கொடுத்தார்கள். ஓரிரு ஆண்டு கழித்து நாற்றைப் பறித்து, வேர் தடிக்க இடைவெளி விட்டு வேறு பாத்தியில் நடுவார்கள். அந்தக் காலத்து அரசு நாற்றங்கால்களில் இதற்கென்றே ஒரு பலகை இருந்தது. விளிம்பில் வரிசையாக வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நாற்றைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். பலகையை அப்படியே சாலில் நிறுத்தி, மண் தள்ளி மிதித்து, பலகையை மட்டும் உருவி எடுத்தால் ஒரு வரிசை முழுவதும் நடவாகியிருக்கும்.

பனி உருகும் சில வாரங்கள்தான் நடவுக்காலம். பறித்த கன்றின் வேரில் வெயில் படக்கூடாது; ஈரப்பாசி வைத்துக் கட்டி, ரயிலில் ஏற்றி, பாதை முடியும் இடத்திலிருந்து கோவேறு கழுதைகளின் முதுகில் மலைக்குக் கொண்டு போவார்கள். கருகிய அடிமரங்களுக்கு இடையே ஆட்கள் வரிசை பிடித்து ஏறுவார்கள். களைக்கொத்தால் ஒரு வெட்டு, குழியில் ஒரு கன்று, குதிகாலால் ஒரு மிதி. அடுத்த குழிக்கு நகர வேண்டியதுதான்.

இந்த நடவில் பிழைகளும் நேர்ந்தன. பொண்டரோசா பைன் விதையை வேறு வட்டாரங்களிலிருந்து தருவித்து வளர்த்து, 1910இல் எரிந்த வடக்கு ஐடஹோ சரிவுகளில் நட்டார்கள். இனம் ஒன்றுதான், ஆனால் வளர்ந்த மண்ணும் தாங்கிய பனியும் வேறு. அந்தத் தோப்புகளில் பல பனிச்சுமையில் வளைந்து, நோய்க்கு ஆளாகி, கடைசிவரை தேறவில்லை. விதை எந்த மலையில், எவ்வளவு உயரத்தில் எடுத்தது என்று மூட்டைக்கு மூட்டை எழுதி வைக்கும் வழக்கம் பின்னால் கெட்டியானதற்கு இப்படிப்பட்ட தோப்புகளே காரணம். ஊர் விதையின் அருமை நெல் விதைக்கும் நம் விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய அடி நாற்றங்கால் வழியாகவே வந்தது. அமெரிக்காவில் போதுமான நாற்றுப்பண்ணைகள் இல்லாத காலத்தில், வெள்ளைப் பைன் கன்றுகளை ஜெர்மனி, பிரான்ஸ் நாட்டுப் பண்ணைகளிலிருந்து மலிவாக இறக்குமதி செய்து நட்டுவந்தார்கள். மேற்குக் கரையில் வான்கூவர் துறைமுகத்துக்குப் பிரான்சிலிருந்து வந்த கன்றுகளில் கொப்புளத் துரு என்ற பூஞ்சை நோய் ஒட்டிக்கொண்டு வந்தது. அது வந்த ஆண்டும் 1910. மலை எரிந்த அதே ஆண்டு, அந்த மலையின் தலையாய மரத்துக்கு எமன் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறான், யாருக்கும் தெரியவில்லை. கிழக்குக் கரையில் நோய் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், 1912இல் தாவர நோய்த்தடுப்புச் சட்டம் வந்தது. மேற்கில் பூஞ்சை அதற்குள் காட்டில் குடியேறிவிட்டது. 1920களில் அது ஐடஹோவின் வெள்ளைப் பைன் காடுகளை எட்டியது.

மேற்கு வெள்ளைப் பைன் என்பது கணுவில்லாமல் நெடுநெடுவென்று வளரும் மரம். கதவு, சன்னல் சட்டம் முதல் தீக்குச்சி வரை அதிலிருந்துதான் வந்தது. ஐடஹோ அதை 1935இல் தன் மாநில மரமாக அறிவித்தது. 1910க்குப் பிறகு நாற்றங்கால்கள் உயிரைக் கொடுத்து மீட்கப் பார்த்த மரங்களில் முதன்மையானது அதுதான். கொப்புளத் துரு ஒரு பைனிலிருந்து இன்னொரு பைனுக்கு நேரே தாவுவதில்லை. நடுவில் கூஸ்பெரி, கரண்ட் இனப் புதர்கள் வேண்டும். எனவே புதரை ஒழித்தால் நோய் ஒழியும் என்று நம்பி, பல்லாயிரம் இளைஞர்கள் மலை மலையாக ஏறி அந்தப் புதர்களைக் கையால் பிடுங்கினார்கள். பல பத்தாண்டுகள் நடந்த அந்த வேலை 1960களில் கைவிடப்பட்டது. புதர் தீரவில்லை, மரம்தான் தீர்ந்துகொண்டே போயிற்று.

புதர் பிடுங்கிய கைகளில் பல, பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக 1933இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தொடங்கிய குடிமக்கள் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவை. சாவெனாக்கின் இரண்டாம் மறுபிறப்பும் அந்தப் படையின் கைவண்ணம். இன்று அங்கே நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 1930களில் எழுந்தவை. உச்சத்தில் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் கன்றுகள் வரை அங்கிருந்து புறப்பட்டன. அமெரிக்காவின் வடமேற்கில் அதைவிடப் பெரிய நாற்றுப்பண்ணை அன்று கிடையாது.

எலர்ஸ் கோக் அப்போதும் பணியில் இருந்தார். 1935இல் வனத்துறைத் தலைவர் ஃபெர்டினாண்ட் சில்காக்ஸ் ஒரு கட்டளை போட்டார்: எந்தத் தீயையும், தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். சில்காக்ஸ் 1910 தீயின்போது மொன்டானாவின் மிசூலா நகர வன அலுவலகத்தில் இருந்து அதை நேரில் பட்டறிந்தவர். அதே ஆண்டு கோக், வனவியல் ஆய்விதழில், லோலோ தடம் என்ற பழைய மலைவழியின் மறைவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆள் புழங்காத உள்மலைகளில் தீயை அடக்க இத்தனை காலம் கொட்டிய பணமும் போட்ட சாலைகளும் தோல்வியே என்றும், அந்தக் காட்டை அதன் போக்கில் விட்டிருக்கலாம் என்றும் வாதாடினார். தன் நாற்றங்கால் தீயில் போனதைக் கண்டவர் அப்படி எழுதினார் என்பது சாதாரணமான செய்தி அல்ல. கட்டளைதான் நின்றது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அது கோலோச்சியது.

சாவெனாக்கில் கடைசி நாற்று பறித்தது 1969இல். வேலை முழுவதும் ஐடஹோவின் கூர் டலேன் நாற்றுப்பண்ணைக்கு மாறியது. ஹாகனில் மிஞ்சிய கட்டடங்கள் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றன. பழைய சமையல்கூடத்தையும் தொழிலாளர் விடுதியையும் இப்போது பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, பாத்திகள் இருந்த புல்வெளியில் நடந்துவிட்டுப் போகலாம்.

மற்றப் பண்ணைகளும் ஒவ்வொன்றாக மூடின. ஒரு காலத்தில் அமெரிக்க வனத்துறையிடம் 14 நாற்றுப்பண்ணைகள் இருந்தன, இன்று 6. மரம் வெட்டுவது குறைந்தது, எனவே நடவும் குறைந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் தீ குறையவில்லை. தீயணைப்புச் செலவு ஏறிக்கொண்டே போனது. மறுநடவுக்கென்று 1980இல் ஏற்படுத்திய நிதியிலோ ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் எடுக்க முடியாமல் உச்சவரம்பு இருந்தது. 2021இல்தான் அந்த வரம்பு நீங்கியது. அதற்குள் மேற்கு மாநிலங்களில் எரிந்த சரிவுகள் பலவற்றில் நடக் கன்று இல்லை. பணம் கையில் வந்த அன்றே கன்று வந்துவிடாது. விதை சேர்க்கத் தெரிந்தவர், மரமேறத் தெரிந்தவர், எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று அறிந்தவர் என்று ஒரு தொழிலே மெலிந்து போயிருந்தது. சாவெனாக் எரிந்தபோது நிலமும் நாற்றும்தான் போயின; வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், அதனால் உடனே கொத்தத் தொடங்க முடிந்தது. எரியாமலே மூடப்பட்ட பண்ணைகளில் அந்த ஆட்களும் போய்விட்டார்கள். இரண்டாவது இழப்பைத்தான் மீட்பது கடினம்.

கூர் டலேன் பண்ணையில் அந்தக் கைப்பழக்கம் இன்னும் இருக்கிறது. துரு நோய் தாக்கிய தோப்பில் தப்பி நின்ற வெள்ளைப் பைன்களைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று மகரந்தம் கலந்து, நோய் தாங்கும் வித்தை உருவாக்கும் வேலை ஐடஹோவில் 1950 வாக்கில் தொடங்கியது. இப்போது அதே வழியில் இன்னொரு மரத்தைக் காக்கப் பார்க்கிறார்கள். மலையுச்சியில், மரங்கள் வளரும் எல்லைக்கோட்டருகே வளரும் வெண்பட்டைப் பைன் அது. துருவும் பட்டை வண்டும் தீயும் சேர்ந்து அதை அரித்ததால், 2022 டிசம்பரில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

அந்த மரத்தின் விதையைப் பண்ணையாட்கள் அணிலிடமிருந்து எடுப்பதில்லை. அணிலுக்கும் பறவைக்கும் முந்திக்கொள்கிறார்கள். கோடைத் தொடக்கத்தில் உச்சிக்கிளை வரை ஏறி, பிஞ்சுக் கூம்புகளைக் கம்பிவலைப் பைகளால் மூடிக் கட்டிவிட்டு இறங்குகிறார்கள். இலையுதிர்காலத்தில் மறுபடி ஏறிப் பைகளோடு பறித்துக் கீழே அனுப்புகிறார்கள். பட்டாணி அளவு விதை, ஓடு கெட்டி. சில வாரம் வெதுவெதுப்பிலும் பிறகு சில மாதம் குளிரிலும் வைத்த பின்னும் பாதி விதைகள் பிடிவாதமாக மூடியே கிடக்கும். அப்போது பண்ணை ஊழியர் மேசை விளக்கடியில் உட்கார்ந்து, அறுவைச் சிகிச்சைக் கத்தியின் நுனியால், ஒவ்வொரு விதையாக எடுத்து, உள்ளிருக்கும் முளையில் படாமல் ஓட்டில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, ஈரத்தாளில் வரிசையாக வைக்கிறார்.